“நான்கில் ஒன்று” என்பதன் பொருள்

வைத்தியர் ஒருவரின் அறையிலே ஒரு கணவனும் மனைவியும் அமர்ந்திருப்பதாகக் கொள்க. அவர்களுடைய முதற் குழந்தை தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோயுடன் பிறந்திருக்கிறது. பெற்றோர் இருவரின் இரத்தத்தையும் சோதித்த வைத்தியர், “உங்கள் இருவருக்கும் நோய் இல்லை, ஆயினும் நீங்கள் இருவரும் நோய்க்காவிகள். உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு இந்நோய் வருவதற்கான நிகழ்தகவு நான்கில் ஒன்று” என்கிறார். கணவன் சற்றே யோசித்து முகம் தெளிகிறான். “நாலு பிள்ளையில் ஒரு பிள்ளைக்குத்தானே, டொக்டர்? அது மூத்தவனோடு போய்விட்டது. இனிப் பிறக்கிற மூன்றுக்கும் பயமில்லை” என்கிறான். மனைவியோ, “அப்படி இல்லை. ஒன்றில் வரும், அல்லது வராது. பாதிக்குப் பாதிதானே?” என்று கண் கலங்குகிறாள்.

வைத்தியர் சொன்ன எண் ஒன்றுதான். அதனைக் கேட்ட இருவரும் இரு வேறு பொருள் கொண்டனர். இரண்டும் பிழையான பொருள்களே. ஒருவருக்கு அது பொய்யான ஆறுதலையும், மற்றவருக்கு மிகையான அச்சத்தையும் தந்தது. இவர்கள் கல்வியறிவற்றவர்கள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. இதே பிழைகளை ஐரோப்பாவின் தலைசிறந்த கணித அறிஞர்களும் ஒரு காலத்திற் செய்திருக்கிறார்கள். அப்பிழைகளிலிருந்து நம்மைக் காப்பது நிகழ்தகவுக் கணிதத்தின் முதற்பாடமாகிய மாதிரி வெளி, நிகழ்ச்சி என்னும் இரு கருத்துக்களின் தெளிவேயாகும். இவற்றை விளங்கிக்கொள்ளப் பெரிய கணித அறிவு வேண்டியதில்லை. பொறுமையாக எண்ணத் தெரிந்தாற் போதும்.

முடிவு இன்னதென முன்கூட்டியே கூற முடியாத, ஆனால் என்னென்ன முடிவுகள் வரக்கூடும் என்று கூற முடிந்த ஒரு செயலை எழுமாற்றுப் பரிசோதனை என்பர். நாணயம் ஒன்றைச் சுண்டுதல் அத்தகையது. தாயக்கட்டையை உருட்டுதலும் அத்தகையதே. அப்பரிசோதனையில் வரக்கூடிய முடிவு ஒவ்வொன்றும் ஒரு பேறு எனப்படும். வரக்கூடிய பேறுகள் யாவற்றையும், ஒன்றையும் விடாது, எதனையும் இருமுறை சேர்க்காது, ஒருங்கே திரட்டிய தொடையே மாதிரி வெளி ஆகும். நாணயத்திற்குத் தலை, பூ என்னும் இரண்டு பேறுகளும் சேர்ந்து மாதிரி வெளி. ஆறு முகமுள்ள தாயக்கட்டைக்கு ஒன்று முதல் ஆறு வரையுள்ள எண்கள் மாதிரி வெளி. ஆட்டம் தொடங்குமுன் அதன் களத்தை அளந்து எல்லைக்கோடு இடுவது போன்றது இது. அந்தக் கோட்டுக்கு வெளியே எதுவும் நிகழாது. நிகழ்வது எதுவாயினும் கோட்டுக்குள்ளேயே நிகழும்.

இனி, நிகழ்ச்சி என்பது யாது? நாட்பேச்சிலே நிகழ்ச்சி என்றால் நடந்து முடிந்த ஒன்றைக் கருதுகிறோம். கணிதத்தில் அது மாதிரி வெளியின் ஒரு பகுதியைக் குறிக்கும். தாயக்கட்டையில் “இரட்டை எண் விழுதல்” என்பது ஒரு நிகழ்ச்சி. இரண்டு, நான்கு, ஆறு என்னும் மூன்று பேறுகளும் அதற்குள் அடங்கும். அவற்றுள் எது விழுந்தாலும் அந்நிகழ்ச்சி நடந்தேறிவிட்டது என்க. “ஐந்து விழுதல்” என்பதும் நிகழ்ச்சிதான். ஆனால் அதனுள் ஒரு பேறே உண்டு. ஆதலின் அதனை எளிய நிகழ்ச்சி என்றும், பல பேறுகளை உடையதைக் கூட்டு நிகழ்ச்சி என்றும் கூறுவர். “ஏழு விழுதல்” என்பதனுள் ஒரு பேறும் இல்லை. அது ஒருபோதும் நடவாத நிகழ்ச்சி. “ஏழிலும் குறைந்த எண் விழுதல்” என்பது மாதிரி வெளி முழுவதுமாம். அது நிச்சயமான நிகழ்ச்சி. ஆறு பேறுகளை மட்டுமே கொண்ட இச்சிறிய வெளியில், நடவாததும் நிச்சயமானதும் உட்பட, அறுபத்து நான்கு வெவ்வேறு நிகழ்ச்சிகளை அமைக்கலாம் என்பது கேட்போர்க்கு வியப்பளிக்கும். பேறு ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்று ஆறு முறை இரண்டால் பெருக்க, அந்த 64 வந்துவிடும்.

நிகழ்ச்சிகளைத் தம்முள் இணைக்கவும் கூடும். இரட்டை எண் விழுதல் ஒரு நிகழ்ச்சி. முதன்மை எண், அஃதாவது இரண்டு, மூன்று, ஐந்து என்பவற்றுள் ஒன்று விழுதல் மற்றொரு நிகழ்ச்சி. இரண்டும் ஒருங்கே நடப்பது இரண்டு விழுந்தால் மட்டுமே. இரண்டில் ஒன்றாயினும் நடப்பது, ஒன்று என்னும் எண்ணைத் தவிர எது விழுந்தாலும் ஆம். ஆகவே முதல் நிகழ்ச்சிக்கு மூன்று பேறுகள், இரண்டாவதற்கு மூன்று பேறுகள், கூட்டினால் ஆறு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடலாகாது. இரண்டு என்னும் பேறு இரு பக்கத்திலும் எண்ணப்பட்டுவிட்டது. அதனை ஒருமுறை கழிக்க ஐந்தே எஞ்சும். பொதுப் பேறு ஒன்றேனும் இல்லாத நிகழ்ச்சிகளைத் தம்முள் புறநீங்கும் நிகழ்ச்சிகள் என்பர்; அவற்றுக்கு மட்டுமே நேராகக் கூட்டுதல் பொருந்தும். ஒரு நிகழ்ச்சியிற் சேராத பேறுகள் எல்லாம் சேர்ந்து அதன் நிரப்பு நிகழ்ச்சி ஆகும். “குறைந்தது ஒன்றாயினும்” என்று வரும் வினாக்களுக்கு, “ஒன்றும் இல்லை” என்னும் நிரப்பு நிகழ்ச்சியை எண்ணி முழுமையிலிருந்து கழிப்பதே பெரும்பாலும் எளிய வழி.

பேறுகள் யாவும் ஒன்றைப்போல் ஒன்று நேரக்கூடியனவாயின், ஒரு நிகழ்ச்சியின் நிகழ்தகவு அதனுள் அடங்கும் பேறுகளின் எண்ணிக்கையை மாதிரி வெளியிலுள்ள பேறுகளின் எண்ணிக்கையால் வகுக்க வருவதாம். இரட்டை எண் விழுவதன் நிகழ்தகவு ஆறில் மூன்று, அஃதாவது பாதி. இவ்விதியை மனனஞ் செய்வது எளிது. “ஒன்றைப்போல் ஒன்று நேரக்கூடியனவாயின்” என்னும் நிபந்தனையை மறந்துவிடுவது அதனினும் எளிது. பிழையெல்லாம் அங்கேதான் பிறக்கிறது.

நம் வீட்டுத் திண்ணைகளிலே தாயம் விளையாடுவோர் சோழிகளைக் குலுக்கி எறிவர். சோழி ஒன்று விழும்போது வாய் மேலாக விழும், அல்லது முதுகு மேலாக விழும். பேறுகள் இரண்டே. அதுகொண்டு ஒவ்வொன்றும் பாதிக்குப் பாதி என்று சொல்லலாமா? ஆகாது. சோழியின் ஒரு பக்கம் தட்டையானது, மறுபக்கம் குவிந்தது. இரு பக்கமும் ஒத்த நாணயத்தைப் போன்றதன்று அது. ஆகவே அதன் நிகழ்தகவை அறிய வேண்டுமானால், பலநூறு முறை எறிந்து குறித்துப் பார்க்க வேண்டுமேயன்றி, பேறுகள் இரண்டு என்பதனால் பாதி என்று தீர்த்துவிட முடியாது. “வரும், அல்லது வராது, ஆகவே பாதிக்குப் பாதி” என்ற அந்த மனைவியின் கணக்கு, சோழியை நாணயமாகக் கருதிய கணக்காகும். அவ்வாறு எண்ணினால், நாளை சூரியன் உதிப்பதும் உதியாதிருப்பதும்கூடப் பாதிக்குப் பாதியாகிவிடும்.

இத்தகைய பிழையைச் செய்த பேரறிஞர் ஒருவர் டாலம்பேர் என்னும் பிரெஞ்சுக் கணித வல்லுநர் (1717–1783). பிரான்சிலே வெளிவந்த பெருங் கலைக்களஞ்சியத்தின் பதிப்பாசிரியர்களில் ஒருவர் அவர். 1754ஆம் ஆண்டில் அக்களஞ்சியத்திலே தலை–பூ விளையாட்டைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் ஒரு வினாவை ஆராய்ந்தார். நாணயத்தை இருமுறை சுண்டும்போது ஒருமுறையாயினும் தலை விழுவதன் நிகழ்தகவு என்ன என்பதே வினா. முதற்றடவை தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. இரண்டாம் முறை சுண்ட வேண்டியதில்லை. எனவே முதலில் தலை, முதலிற் பூ பின்பு தலை, இருமுறையும் பூ என மூன்றே பேறுகள் உண்டு. அவற்றுள் இரண்டு சாதகமானவை. ஆகவே மூன்றில் இரண்டு என்பது அவருடைய வாதம்.

கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் முதற்றடவையே தலை விழுவது என்னும் பேறு, தனியே சுண்டல்களிற் பாதியை எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய பாதியைத்தான் மற்றிரு பேறுகளும் பங்கிடுகின்றன. மூன்று பேறுகளும் ஒரே நிறையுடையன அல்ல. இரண்டு சுண்டல்களையும் முழுமையாக எழுதிப் பார்த்தால் தலை–தலை, தலை–பூ, பூ–தலை, பூ–பூ என நான்கு பேறுகள் தோன்றும். இவை நான்குமே ஒத்த நிறையின. ஒருமுறையாயினும் தலை விழுவது இவற்றுள் மூன்று. விடை நான்கில் மூன்று. டாலம்பேர் அமைத்த மாதிரி வெளியிலே விடுபட்டதும் இல்லை, இருமுறை வந்ததும் இல்லை. எண்ணியது சரி, ஒத்த நிறை என்று கொண்டதே தவறு.

தலை–பூ என்பதும் பூ–தலை என்பதும் ஒன்றுதானே என்று சிலர் மலைப்பதுண்டு. செப்பு நாணயம் ஒன்றும் வெள்ளி நாணயம் ஒன்றுமாகச் சுண்டிப் பார்த்தால் மலைப்பு நீங்கும். செப்பிலே தலையும் வெள்ளியிலே பூவும் விழுதல் வேறு. செப்பிலே பூவும் வெள்ளியிலே தலையும் விழுதல் வேறு. நாணயங்களின் நிறம் ஒன்றாகிவிட்டால் நம் கண்ணுக்கு வேற்றுமை தெரிவதில்லையே ஒழிய, நாணயங்கள் விழும் முறையில் மாற்றமில்லை. லைப்னிட்ஸ் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் (1646–1716) கூட இவ்விடத்திற் சறுக்கினார். இரண்டு தாயக்கட்டைகளில் மொத்தம் பதினொன்றும் பன்னிரண்டும் ஒரே எளிமையுடன் விழும் என்று அவர் கருதினார். பன்னிரண்டுக்கு ஆறும் ஆறும் என ஒரு வழியே உண்டு. பதினொன்றுக்கோ முதற் கட்டையில் ஐந்து இரண்டாவதில் ஆறு, முதலாவதில் ஆறு இரண்டாவதில் ஐந்து என இரு வழிகள் உண்டு. ஆகவே பதினொன்று இருமடங்கு எளிதாக விழும்.

இதனைத் தெளிவாக எண்ணிக் காட்டியவர் இத்தாலிய விஞ்ஞானி கலிலியோ (1564–1642). மூன்று தாயக்கட்டைகளை உருட்டும் சூதாட்டக்காரர்கள், மொத்தம் ஒன்பதும் பத்தும் ஆறு ஆறு வகையாகவே அமையக்கூடியனவாயிருந்தும், பத்து சற்று அதிகமாக விழுவதை நெடுநாள் அனுபவத்திற் கண்டிருந்தனர். காரணம் விளங்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியிலே கலிலியோ அவ்வினாவுக்கு விடை எழுதினார். ஒன்பதுக்கான ஆறு வகைகளுள் ஒன்று மூன்று–மூன்று–மூன்று. மூன்று கட்டைகளும் ஒரே எண்ணைக் காட்டுவதனால் அது ஒரே வழியில்தான் விழும். நான்கு–நான்கு–ஒன்று போன்று இரண்டு எண்கள் ஒத்தவை மூன்று வழிகளில் விழும். ஆறு–இரண்டு–ஒன்று போன்று மூன்றும் வெவ்வேறானவை ஆறு வழிகளில் விழும். இவ்வாறு கூட்ட, மூன்று கட்டைகளின் 216 பேறுகளுள் ஒன்பதுக்கு 25, பத்துக்கு 27 என வரும். நூற்றெட்டில் ஒரு பங்கே வேற்றுமை. அத்துணைச் சிறு வேற்றுமையை ஆட்டக்காரரின் கண் அனுபவத்தாற் கண்டது. அதன் காரணத்தைச் சரியாக அமைத்த மாதிரி வெளியே காட்டியது.

கலிலியோவுக்கு முன்பே, மிலான் நகரத்து வைத்தியரும் சூதிலே பித்துக் கொண்டவருமாகிய கார்டானோ (1501–1576), வரக்கூடிய பேறுகள் யாவற்றையும் ஒரு சுற்று என்று பெயரிட்டு, இரு கட்டைகளுக்கு 36, மூன்று கட்டைகளுக்கு 216 என்று கணக்கிட்டிருந்தார். அவருடைய நூல் அவர் இறந்து பல ஆண்டுகளின் பின், 1663இலேதான் அச்சேறியது. நம் நாட்டார்க்கு இவ்விடத்திலே நளன் கதை நினைவுக்கு வரும். தான்றி மரத்தின் கனிகளை ஒவ்வொன்றாக எண்ணாமலே இத்தனை என்று கூறிய இருதுபன்னன், தன் சூதாட்ட நுட்பத்தை நளனுக்குக் கற்பித்து, குதிரை செலுத்தும் நுட்பத்தை மாற்றாகப் பெற்றான். எண்ணும் கலையும் சூதின் நுட்பமும் ஒருவரிடத்தே உறைவதாகப் பழங்கதை கூறுவது கருதத்தக்கது. சூதாடி நாட்டை இழந்தவன் எண்ணக் கற்ற பின்னரே அதனை மீட்டான்.

சூதாட்டக் களத்திலே பிறந்த இக்கருத்துக்களுக்கு உறுதியான அடித்தளம் அமைத்தவர் உருசியக் கணித அறிஞர் கொல்மொகோரொவ். அவர் 1933இலே ஜெர்மன் மொழியில் வெளியிட்ட சிறு நூலிலே, நிகழ்ச்சிகளைத் தொடைகளாகவே கொண்டு, மிகச் சில அடிப்படை விதிகளை வகுத்தார். எந்நிகழ்ச்சியின் நிகழ்தகவும் பூச்சியத்திலும் குறைதல் ஆகாது. மாதிரி வெளி முழுவதின் நிகழ்தகவு ஒன்று. தம்முள் புறநீங்கும் நிகழ்ச்சிகளின் நிகழ்தகவுகள் கூடும் என்பனவே அவற்றுள் முதன்மையானவை. பேறுகள் ஒத்த நிறையின என்னும் நிபந்தனை இங்கே தேவையில்லை. சோழிக்கும் இவ்விதிகள் பொருந்தும். முடிவில்லாத பேறுகளை உடைய பரிசோதனைகளுக்கும் பொருந்தும். தலை விழும்வரை நாணயத்தைச் சுண்டுதல் அத்தகைய பரிசோதனைக்கு எடுத்துக்காட்டு.

இனி வைத்தியரின் அறைக்கு மீள்வோம். இரத்தத்திலே செந்நிறப் பொருளை ஆக்குவதற்கான பரம்பரையலகுகளுள் ஒன்று ஒவ்வொருவருக்கும் தந்தை வழியாக ஒன்றும் தாய் வழியாக ஒன்றுமாக இரண்டு பிரதிகளாக வருகிறது. பீற்றா தலசீமியா நோய்க்காவிக்கு அவ்விரண்டில் ஒன்று நலமானது, மற்றது குறையுடையது. நலமான ஒன்று இருப்பதனால் அவர் நோயின்றி வாழ்கிறார். தம் பிள்ளைக்கு இவ்விரண்டில் ஒன்றையே அவர் வழங்குகிறார். எதனை வழங்குவார் என்பது நாணயம் சுண்டுவது போன்றது. தந்தையும் காவி, தாயும் காவியாயின், மாதிரி வெளி நலம்–நலம், நலம்–குறை, குறை–நலம், குறை–குறை என்னும் நான்கு பேறுகளைக் கொண்டது. டாலம்பேருக்குச் சிக்கலை உண்டாக்கிய அதே நான்கு பேறுகள்! இங்கே அவை உண்மையாகவே ஒத்த நிறையின. நோயுள்ள பிள்ளை என்னும் நிகழ்ச்சிக்குள் குறை–குறை என்னும் ஒரு பேறே அடங்கும். காவி என்னும் நிகழ்ச்சிக்குள் இரண்டு பேறுகள். குறை சிறிதுமில்லாத பிள்ளைக்கு ஒன்று. “வரும், அல்லது வராது” என்பன இரண்டு நிகழ்ச்சிகள். ஆனால் ஒன்றில் ஒரு பேறும் மற்றொன்றில் மூன்று பேறுகளும் உள்ளன. மனைவியின் அச்சத்தில் ஒரு பாதி இங்கே தணியலாம்.

கணவனின் ஆறுதலோ நிலைக்கக்கூடியதன்று. இரண்டு பிள்ளைகளை ஒருங்கே கருதினால் மாதிரி வெளியிலே பதினாறு பேறுகள் உண்டு. மூத்த பிள்ளைக்கு நோய் என்பது தெரிந்துவிட்டபின், அப்பதினாறில் பன்னிரண்டு கழிந்து நான்கே எஞ்சுகின்றன. அந்த நான்கில் இளைய பிள்ளைக்கும் நோய் வருவது ஒன்று. மீண்டும் நான்கில் ஒன்றே. மூத்த பிள்ளைக்கு நேர்ந்ததை இளைய பிள்ளையின் பரம்பரையலகு அறியாது. நாணயத்துக்கு ஞாபகம் இல்லை. இத்தகையவற்றைச் சாரா நிகழ்ச்சிகள் என்பர்.

நான்கு பிள்ளைகளுக்கு மொத்தம் 256 பேறுகள். அவற்றுள் சரியாக ஒரு பிள்ளைக்கு மட்டும் நோய் வருவன 108. இது பாதியிலும் குறைவு. ஒருவருக்கும் வராதவை 81. இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ வருவன 67. மூத்த பிள்ளைக்கு நோய் கண்டபின் மேலும் மூவரைப் பெற்றால், மூவரும் தப்புவதற்கான நிகழ்தகவு அறுபத்து நான்கில் 27. நிரப்பு நிகழ்ச்சியை நோக்கினால், அம்மூவரில் ஒருவருக்காயினும் நோய் வருவதன் நிகழ்தகவு அறுபத்து நான்கில் 37. பயமில்லை என்று அவன் எண்ணிய இடத்திலே பாதிக்கு மேற்பட்ட அபாயம் காத்திருக்கிறது. அத்தகைய பிள்ளைகளுள் கடுமையான நோயுடையோர் வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்றிக்கொள்ளவும், அதனால் உடலிற் சேரும் மிகையான இரும்பைப் போக்கும் மருந்து கொள்ளவும் வேண்டியவராவர். இலங்கையில் இந்நோய்க்கான சிகிச்சை நிலையங்களுள் முதன்மையானது குருநாகலில் இருக்கிறது. அங்கு வந்து செல்லும் தாய்மார் இக்கணக்கின் பாரத்தை நன்கு அறிவர்.

மாதிரி வெளி கூறும் செய்தி இன்னுமொன்று உண்டு. நோயற்றுப் பிறந்த இளைய மகள் ஒருத்தி வளர்ந்து திருமண வயதை அடைகிறாள் என்க. அவளுக்கு நோய் இல்லை என்பதனால் குறை–குறை என்னும் பேறு நீங்கிவிட்டது. எஞ்சியவை மூன்று; அவற்றுள் இரண்டு காவி நிலைமை. ஆகவே அவள் காவியாக இருப்பதன் நிகழ்தகவு மூன்றில் இரண்டு. இதற்காக அவளுடைய திருமணத்தைத் தடுக்க வேண்டுவதில்லை. ஒருவர் மட்டும் காவியாகவும் மற்றவர் குறையற்றவராகவும் இருந்தால், நோயுள்ள பிள்ளை பிறத்தல் என்பது அவர்களின் மாதிரி வெளியிலேயே இல்லாத நிகழ்ச்சி. இருவரும் காவிகளா என்பதை முன்னரே அறிந்துகொள்வதே பொருள். சாதகக் குறிப்புகளைப் பொருத்திப் பார்க்கும் பெற்றோர், ஓர் இரத்தப் பரிசோதனையையும் அத்துடன் சேர்த்துக்கொள்வராயின், பின்னே வரும் பல துயரங்களுக்கு இடமில்லாமற் போகும்.

நிகழ்தகவு எதிர்காலத்தை உரைப்பதன்று. அடுத்த பிள்ளை எவ்வாறு பிறக்கும் என்பதை அது கூறமாட்டாது. நேரக்கூடியவை எவை, அவற்றின் நிறை எத்தகையது என்பதையே அது காட்டும். யாவற்றையும் எண்ணினோமா, இருமுறை எண்ணினோமா, எண்ணியவை ஒத்த நிறையினவா, புதிதாகத் தெரிந்த செய்தியால் வெளி சுருங்கியதா என்னும் நான்கு வினாக்களை ஒருவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்வானாயின், டாலம்பேர் சறுக்கிய இடத்திலும் அவன் நிமிர்ந்து நிற்பான். வைத்தியர் கூறிய “நான்கில் ஒன்று” ஒவ்வொரு பிறப்பிலும் புதிதாகத் தொடங்கும் கணக்கு. அதனை அவ்வாறே விளங்கிக்கொண்ட கணவனும் மனைவியும், பொய்யான ஆறுதலும் மிகையான அச்சமும் இன்றி, தம் குடும்பத்தின் முடிவைத் தாமே தெளிந்து எடுக்க வல்லவராவர்.